என் கூட்டாளியின் தூக்கத்தைப் பற்றி மூன்று வேடிக்கைகள்

நான் ஒரு முட்டாள். பணிவுக்காக இதைச் சொல்லவில்லை. பணிவு எனக்கு வராது என்பதற்கு என் மனைவியே சாட்சி. முட்டாள்களில் பல வகை உண்டு. பொருளைத் தொலைப்பவன் ஒருவன், வழியைத் தொலைப்பவன் ஒருவன், வம்பை விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருபவன் ஒருவன். நான் வேறு ரகம். எதிரில் இருப்பவர் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், அவர் இரண்டாம் தடவை சிரிக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. அதற்காக எதையும் சொல்லுவேன். உண்மை தீர்ந்துபோனால் கைச்சரக்கைச் சேர்ப்பேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குட்ஸ் ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா, உத்தியோகம் எனக்கு. மேஜை சின்னது, நாற்காலி ஆடும், பேச்சு மட்டும் பெரிது. எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், தாலி ஏறியவுடன் எழுந்து நின்று வாழ்த்திப் பேசுகிற ஆள் நான்தான். ஒரு தடவை இலை போட்ட பிறகும் நான் நிறுத்தாததால் ரசம் ஆறிப்போய், மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அந்தக் கதையையும் அடுத்த மூன்று கல்யாணங்களில் சொல்லிச் சிரிக்கவைத்தேன். மூன்றாவது கல்யாணத்தில் அந்தச் சித்தப்பாவும் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்படிப்பட்ட ஒருவனைக் கொண்டுபோய்த் தன்குறை கூறும் கூட்டத்துக்குச் செயலாளராக வைத்தார்கள்.

எங்கள் தெருவில் மளிகைக் கடை ஒன்றின் மாடியில் ஒரு படிப்பகம் இருந்தது. கடைக்காரர்தான் அதற்குத் தலைவர். அந்த நாளில் ஊர் முழுக்கச் சீர்திருத்த ஆசை. குடிக்காதே, கடன் வாங்கிக் கல்யாணம் செய்யாதே என்று ஒவ்வொரு மாடியிலும் ஒரு சங்கம். தலைவர் ஒருநாள் பலசரக்கு நிறுத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்தவனத் திருத்த ஆயிரம் பேரு இருக்கான்யா. தன்னத் திருத்திக்கத்தான் ஒரு பய இல்ல." மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் கூட்டம் என்று முடிவாயிற்று. ஒவ்வொருவரும் எழுந்து தன் குறை ஒன்றைச் சொல்லவேண்டும். கேட்பவர்கள் சிரிக்கக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. சொன்ன குறையை ஒரே வரியில் நோட்டில் எழுதிவைப்பது செயலாளர் வேலை. என் முறை வரும்போது மட்டும் தலைவரே பேனாவை வாங்கிக்கொள்வார்.

நான் முதல் மாதம் சொன்ன குறை, குறட்டை. என் குறட்டையைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூர் மெயில் வந்துவிட்டதென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார் என்றேன். சிரிக்கக்கூடாது என்று விதி போட்ட தலைவர்தான் முதலில் சிரித்தார். இரண்டாம் மாதம், கண்ணாடிக்கு முன்னால் நான் தலைவாரும் நேரம். மூன்றாம் மாதம், மாமியாருக்குக் கடுதாசி எழுதும்போது நான் போடும் கும்பிடுகளின் எண்ணிக்கை. நாலாம் மாதம் செந்தூலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் அரிசி மூட்டைமேல் ஏறிக்கொண்டார்கள். குறைகளைச் சொல்லிச் சொல்லி நான் பெரிய மனிதனாகிக்கொண்டிருந்தேன்.

அந்த நாலாம் மாதம், எனக்கு முன்னால் எழுந்தவர் இஞ்சினில் கரி தள்ளும் ஃபயர்மேன் ஒருவர். அதுவரை வாய் திறக்காதவர். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "எங்கம்மா செத்தப்ப லீவு குடுத்தாங்க. நான் போகல" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

கீழே யாரோ புளி கேட்டது மட்டும் காதில் விழுந்தது. நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தவன், அந்த வரியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மையை உதறிக்கொண்டிருந்தேன். அடுத்தது என் முறை. எழுந்தேன். சாப்பிடும்போது நான் முருங்கைக்காயோடு நடத்தும் போராட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் விட்டால் போதும் என்று சிரித்தார்கள். ஃபயர்மேனும் லேசாகச் சிரித்தார். அவருக்கு நான் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் மனைவி நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். முருங்கைக்காய்க் கதையை அவளுக்கும் ஒரு தடவை நடித்துக் காட்டினேன். அவள் கை நிற்கவில்லை.

"இதையா குறைன்னு சொன்னீங்க?"

"ஆமா. ஏன்?"

"குறைன்னா சொல்ல வெக்கமா இருக்கணும். நீங்க சொல்றதெல்லாம் உங்களுக்குப் பெருமையால்ல இருக்கு."

"அப்ப எதச் சொல்லணுங்கற?"

"எனக்கென்ன தெரியும்? எது உள்ள கெடக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். கருவாட்டுத் தலைகளைப் பூனைக்குப் போட எழுந்து போய்விட்டாள்.

உள்ளே ஒன்று கிடந்தது. அது கிடந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த வாரமே அது வாசல் வழியாக நடந்து வந்தது, கையில் ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழத்தோடு. வந்தவள் கிள்ளானில் இருக்கும் என் கூட்டாளியின் மனைவி. அவனும் நானும் ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். இங்கே வந்தபின் சொந்தம் என்பது அப்படித்தான் உண்டாயிற்று. ஒரே கப்பல் என்றால் கூடப் பிறந்த மாதிரி. அவன் பெண்ணுக்குக் காது குத்தியபோது மாமன் இல்லாத குறைக்கு என் மடியில்தான் உட்காரவைத்தார்கள். "உன் மக கல்யாணத்துல ஒரு மணி நேரம் பேசுவேன் பாரு" என்று அப்போதே வாக்குக் கொடுத்திருந்தேன். "பேசு கூட்டாளி, உன்ன விட்டா எனக்கு யாரு பேசுவா?" என்று அவனும் சொல்லியிருந்தான்.

"அண்ணே, நீங்க ஒருவாட்டி கிள்ளானுக்கு வரணும்" என்றாள் அவன் மனைவி. "பொண்ணுக்கு நல்ல எடம் வந்திருக்கு. பாசார் பக்கத்துல தையக்கடை வச்சிருக்கற பையன். சொந்தமா மெஷினு. பொறுப்பான புள்ள. ஆனா இவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு."

"ஏன், பையன் குடிப்பானா?"

"டீகூடக் குடிக்க மாட்டான். உங்க பெரிய கிராணி இருக்காருல்ல, அவரோட அக்கா மவன். அதான் வம்பு. 'அந்தக் கிராணி வாசல்ல என் மாடுகூட நிக்காது'ங்கறாரு. தை வரைக்கும் பாப்பாங்களாம், அப்புறம் வேற எடம் போயிருவாங்க. பொண்ணு வாயத் தொறக்கல. ஆனா பாசாருக்குக் காய் வாங்கப் போனா அந்தக் கடைப் பக்கம் போகாம சுத்திக்கிட்டுப் போறா. நீங்க சொன்னாத்தான் இவருக்கு ஏறும் அண்ணே."

"மாடு நிக்காட்டி என்ன, மாப்பிள நிப்பாருலா" என்றேன்.

அவள் மரியாதைக்குச் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவளை ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு நாங்கள் திரும்பியதும் கேட்டாள்: "அவங்க பெரிய கிராணின்னு சொன்னப்ப உங்க காது ஏன் செவந்துச்சு?"

சொன்னேன். என் வழக்கப்படி, வேடிக்கையெல்லாம் சேர்த்து, குரல் மாற்றி, கைகால் ஆட்டிச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்ப வேடிக்க இல்லாம சொல்லுங்க" என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, வேடிக்கையை எடுத்துவிட்டால் அது மிகச் சின்ன விஷயம் என்று.

விஷயம் இதுதான். என் கூட்டாளி அப்போது தண்டவாளம் செப்பனிடும் கூலிக் கூட்டத்தில், கங்கு என்பார்கள், வேலை செய்துகொண்டிருந்தான். பாயிண்ட்ஸ்மேன் வேலை ஒன்று காலியாயிற்று. வண்டி வரும்போது நெம்புகோலை இழுத்துத் தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. கூலிக்காரனுக்கு அது மேல்படி. குடியிருக்க வீடு உண்டு, காக்கிச் சட்டை உண்டு. ஆறு வருஷமாக அவன் காத்திருந்த வேலை. துரைக்குப் பெயர் எழுதி அனுப்புகிறவர் பெரிய கிராணி. அவர் என்னைக் கூப்பிட்டு, "இவன் உன்னோட கப்பல்ல வந்தவனாமே, ஆளு எப்படி?" என்று கேட்டார்.

நல்லவன், உழைப்பாளி என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கவேண்டியவன் நான். ஆனால் பெரிய கிராணி சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்த முகத்தைச் சிரிக்கவைத்தால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை வந்தது.

"தங்கமான ஆளு ஐயா. ஆனா தூக்கம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. கப்பல்ல பகலெல்லாம் தூக்கம்தான். கப்பல் முழுகுனாக்கூட தலகாணியோட கரையேறியிருப்பான்" என்றேன்.

அவர் உதடு கோணியது. எனக்குப் போதை ஏறிவிட்டது.

"கப்பல விட்டு எறங்குனதும் போர்ட் சுவெட்டன்ஹாம் முகாம்ல டாக்டரு அம்மை குத்துனாரு ஐயா. குத்திட்டுப் போயி மறுநாள்தான் 'எவன்டா என் கையக் கிள்ளுனது'ன்னு எழுந்திரிச்சான்." இது பாதிதான் உண்மை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாவது முழுப் பொய்: "போன மாசம் தண்டவாளத்து மேலயே தல வச்சுத் தூங்கிட்டான். வண்டிதான் பாவம், ஒதுங்கிப் போச்சு."

பெரிய கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டினார். முகம் பழையபடி ஆயிற்று. பேனாவை எடுத்து ஒரு பெயரின்மேல் கோடு போட்டார். "நல்ல வேள சொன்ன. தூங்கற ஆளு பாயிண்டுல நின்னா ரெண்டு வண்டி மோதிக்கும்" என்றார்.

"ஐயா, வேடிக்கைக்குச் சொன்னேன்" என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மேஜைக்கும் எனக்கும் இரண்டடி தூரம்தான். ஏன் சொல்லவில்லை என்று ஒன்பது வருஷமாகப் பல காரணங்கள் கண்டுபிடித்திருக்கிறேன். பயம், அவசரம், அன்றைக்குத் தலைவலி. எல்லாம் கைச்சரக்கு. அவ்வளவு நன்றாகச் சிரித்த மனிதரிடம் அது பொய் என்று சொல்லிச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

வேலை வேறொருவனுக்குப் போயிற்று. கூட்டாளி என்னிடம் வந்து, "கிராணி தன் ஆளப் போட்டுக்கிட்டாரு, இல்லியா?" என்று கேட்டான்.

"கிராணிங்கன்னா அப்படித்தாம்லா" என்றேன். நானும் ஒரு கிராணி என்பதை மறந்து.

அவன் வெறுத்துப்போய் ரயில்வேயை விட்டான். கிள்ளானுக்குப் போய் மாட்டுவண்டி ஓட்டினான். குட்ஸ் ஷெட்டிலிருந்து சாமான் ஏற்றுகிற வேலை. தான் விட்டுப்போன ரயிலைத் தினமும் அவன் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் போவேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் பெரிய கிராணி செய்த துரோகத்தைச் சொல்வான். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே தலையாட்டுவேன்.

இவ்வளவையும் கேட்ட என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "கப்பல்ல அவரு பகல்ல ஏன் தூங்குனாரு?"

அதை அவள் கேட்காமல் இருந்திருக்கலாம்.

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. ஏறிய நாளிலிருந்து வாந்தி. ராத்திரியெல்லாம் அவன்தான் என் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், முன்பின் தெரியாத ஆள். விடிந்து எனக்குக் கண்ணசந்த பிறகுதான் அவன் சாய்வான்.

இதைச் சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவளிடம் நான் வேடிக்கை இல்லாமல் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"போய் அவருகிட்ட சொல்லுங்க."

"முதல்ல சங்கத்துல சொல்லிப் பாக்கறேனே? அதுக்குத்தானே கூட்டம்?"

"நீங்க வாந்தி எடுத்தப்ப சங்கமா வந்து தலையப் புடிச்சுது?" என்றாள்.

மறு ஞாயிறு காலை கிள்ளான் ரயிலில் ஏறினேன். பத்து தீகா ஸ்டேஷன் வருவதற்குள் எனக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. எதற்காகக் குற்றத்தைச் சொல்லவேண்டும்? கல்யாணம் நடந்தால் போதாதா? பழசை மறந்துவிடு, மன்னிப்பதுதான் பெருந்தன்மை என்று பேசினால் முடிந்தது. பாடாங் ஜாவா வருவதற்குள் பேச்சு முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு தப்பும் செய்யாத மனிதரை, தப்புச் செய்த நான், மன்னிக்கச் சொல்லிச் சிபாரிசு செய்யப்போகிறேன். அதில் ஒரு கூச்சமும் எனக்குத் தோன்றவில்லை. பேச்சு அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

கூட்டாளி வீட்டுக்குப் பின்னால், மாட்டின் கழுத்தில் நுகத்தடி உரசிய புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"வா கூட்டாளி. என்ன தீபாவளி இல்லாத நாள்ல?"

"உன் மாட்டப் பாக்கலாம்னு வந்தேன். எங்க சங்கத் தலைவரு முகம் மாதிரியே இருக்கு."

அவன் சிரித்தான். நான் பேச்சை எடுத்துவிட்டேன். ஒன்பது வருஷம், மனித மனம், பெண்ணின் எதிர்காலம், எல்லாம் வந்தன. அவன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். முடிந்ததும் மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே யோசித்தான்.

"சரி. நீ சொல்ற, ஒத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. அவ்வளவுதான், எழுந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன்.

"ஆனா ஒண்ணு" என்றான். "பொண்ணு அங்க நல்லா இருக்கட்டும். நான் அந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன். பேரன் பொறந்தாலும் வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துருவேன். கிராணி வந்து போற வீடு. நம்மளால உள்ள போயி உக்கார முடியாது, கூட்டாளி. நீ சொன்னதால மன்னிச்சேன். மறக்க முடியல."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு, "உன் பேச்ச மட்டும் நான் தட்டுனதில்ல பாரு. என்கிட்ட நெசம் பேசற ஒரே ஆளு நீதான்" என்றான்.

இங்கே ஒரு வேடிக்கை சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. இரண்டு மூன்று வாயருகே வந்தும் விட்டன. ஒன்று நன்றாகவே இருந்தது; இப்போது மறந்துவிட்டது.

"அது கிராணி செஞ்சதில்ல. நான் செஞ்சது" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. சொன்னேன். மனைவியிடம் இரண்டாம் தடவை சொன்ன மாதிரி, கைகால் ஆட்டாமல். அவன் மறுபடி கிண்ணத்தை எடுத்துப் புண்ணில் எண்ணெய் தடவ ஆரம்பித்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"எத்தன சொன்ன?"

"மூணு."

"மூணும் எம்மேலயா?"

"ஆமா."

"அவரு சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"ரொம்பவா?"

"கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு."

மாடு தலையை ஆட்டியது. அவன் அதன் கொம்பைப் பிடித்து நிறுத்தினான்.

"நான் ஏன் பகல்ல தூங்குனேன்னு சொன்னியா?"

"இல்ல."

முதல் மாடு முடிந்து இரண்டாவது மாட்டுக்குப் போனான். அந்த மாட்டின் கழுத்தில் புண்ணே இல்லை, ஆனாலும் தடவினான். அவன் மனைவி வந்து, "எலை போட்டாச்சு, ரெண்டு பேரும் வாங்க" என்றாள். "அவன் போறான்" என்றான். பதினைந்து வருஷப் பழக்கத்தில் நான் அவன் வீட்டிலிருந்து பசியோடு திரும்பியது அன்று ஒருநாள்தான்.

இப்போது என் முட்டாள்தனத்தின் உச்சியைச் சொல்லவேண்டும். திரும்பி வரும் ரயிலில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே கலங்கியிருந்தது. ஆனால் பத்து தீகா தாண்டுவதற்குள், புண்ணே இல்லாத இரண்டாவது மாட்டுக்கு அவன் எண்ணெய் தடவினான் பாருங்கள், அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னால் கூட்டம் அப்படியே அமைதியாகிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. முதலில் சிரிப்பு, அப்புறம் கண்ணீர். செந்தூல்காரர்கள் மூட்டையிலிருந்து விழுந்துவிடுவார்கள். நான் என்னையே அறைந்துகொள்ளாத குறை. எதிரில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் பயந்துபோய் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் என் முறை வந்தது. எழுந்தேன். எல்லாரும் சிரிக்கத் தயாராக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஃபயர்மேன் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தார்.

"இன்னிக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

ஏமாற்றத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தலைவர் விதிப்படி நோட்டில் எழுதினார். இன்றைக்கும் அந்தப் படிப்பகத்தில் யாராவது தேடினால் அந்த வரி கிடைக்கும்: 'கௌரவச் செயலாளருக்கு இம்மாதம் குறை ஏதும் இல்லை.'

கூட்டம் கலைந்தபோது படியில் ஃபயர்மேன் எனக்காக நின்றிருந்தார். நாங்கள் இருவரும் கூடாரம் மாதிரி பெரிய மழைமரத்தின் கீழே நடந்தோம். அன்று அவர் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். முதல் தடவையாக, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் அவர் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு நாலைந்து இடத்தில் நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கிள்ளானிலிருந்து ஒரு மாதம் எந்தச் சேதியும் இல்லை. பிறகு ஒருநாள் ஆபீஸில் பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டார். கிழவர் ஆகிவிட்டார், ஓய்வு பெறச் சில மாதங்கள்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, "உன் கூட்டாளி வீட்டுக்கு வந்தான்" என்றார்.

கையிலிருந்த சீட்டுகளை அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டேன்.

"வாசல்ல நின்னு, 'ஒம்போது வருஷமா உங்களச் சாபம் விட்டுக்கிட்டிருந்தேன் ஐயா, அது வேற ஆளுக்குப் போக வேண்டியது'ன்னு சொன்னான். எந்த ஆளுன்னு கேட்டேன். சொல்லல." கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாதா, அன்னிக்கு யாரக் கேட்டேன்னு? ஒரு சிரிப்புக்காக விசாரிக்காம கோடு போட்டவன் நான்தானே. ரெண்டு பேரும் உக்காந்து காப்பி குடிச்சோம். போ, வேலயப் பாரு."

அவன் அந்தக் கிராணியின் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறான். ஒரு சங்கமும் இல்லாமல், நோட்டும் செயலாளரும் இல்லாமல், நேரே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நான் ரயிலில் மனப்பாடம் செய்த பேச்சை நினைத்துக்கொண்டேன். அன்று பகல் முழுக்கச் சரக்குச் சீட்டுகளைத் தப்புத் தப்பாக எழுதினேன்.

தை பிறந்ததும் கூட்டாளியும் அவன் மனைவியும் கல்யாணத்துக்கு அழைக்கத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூட்டாளி தாம்பாளத்தை என் மனைவியிடம் நீட்டினான். காப்பி கொடுத்தாள், குடித்தான். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி, பெண்ணைப் பற்றி, புதிதாக வாங்கின மாட்டைப் பற்றியெல்லாம் என் மனைவியிடமே பேசினான். பெண் இப்போது பாசாருக்குச் சுற்றிக்கொண்டு போவதில்லை என்று அவன் மனைவி சொன்னாள். நான் ஒரு மூலையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். காற்று யாருக்கு வருகிறது என்று தெரியாமல் வீசிக்கொண்டிருந்தேன்.

எழுந்து செருப்பு மாட்டினான். வாசல் வரை போய்விட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசுவதாக வாக்குக் கொடுத்தவன் அல்லவா? அரை மணியாவது கிடைக்காதா?

"கூட்டாளி, கல்யாணத்துல நான் எழுந்து ரெண்டு வார்த்த வாழ்த்திப் பேசட்டுமா?"

அவன் திரும்பி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"பந்தியில தண்ணி ஊத்து, பேசாத."